பிள்ளை பிடிக்கிறவன் இப்போது எந்தக் குழுவில் இருக்கிறான்?

கேள்வி, பிப்ரவரி 2

நாட்டார் கதை, வழக்காறு எல்லாம் இனி ஆராய்ச்சிப் புத்தகத்தில்தான். வட சென்னையில் இப்போது யார் கதை சொல்கிறார்கள்? ஆயாவுக்கு சீரியல், பேரனுக்கு ரீல்ஸ். வாட்ஸ்அப் வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டது. ஒருவர் வாயால் கதை சொல்லி நீங்கள் கடைசியாகக் கேட்டது எப்போது?

பிப்ரவரி 2, இரவு 10.50

நேற்று. டோல்கேட்டில் ஏறிய ஷேர் ஆட்டோவில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, தங்கச்சி வீட்டுக்காரரோடு வேலை செய்கிறவரின் மச்சானுக்கு நடந்தது என்று ஆரம்பித்தார். போனை சார்ஜில் போட்டபடியே பேசினானாம், காது வெந்துபோனதாம். எந்த ஊர் என்று முன் சீட்டுக்காரர் கேட்டார். "இங்கதான், மணலி தாண்டி." அவ்வளவுதான் விலாசம். தெரிந்தவருக்குத் தெரிந்தவர், பக்கத்து ஊர், போன மாசம். இதைவிடச் சுத்தமான நாட்டார் கதை உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

நாட்டுப்புறம் என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லோரும் வயல்வெளியைத் தேடிப் போய்விடுகிறார்கள். 1846இல் வில்லியம் தாம்ஸ் என்ற ஆங்கிலேயர் 'ஃபோக்லோர்' (நாட்டார் வழக்காறு) என்ற சொல்லை உண்டாக்கியபோதே, எல்லாம் அழிந்துகொண்டிருக்கிறது, மிச்சத்தையாவது பொறுக்கிச் சேருங்கள் என்றுதான் எழுதினார். அன்றிலிருந்து செத்துக்கொண்டே இருக்கிறது, பாவம்.

பிப்ரவரி 3, காலை

'சுத்தமான' என்று எழுதியதை எடுத்துவிடுங்கள். அந்த அம்மா அதை எங்கோ வீடியோவில் பார்த்துவிட்டு மச்சானை மட்டும் சொந்தமாகச் சேர்த்திருக்கலாம்.

பிப்ரவரி 3, இரவு 11.30

வாட்ஸ்அப் முடித்துவிட்டது என்ற விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நைனா பாரிமுனையில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர், எழுத்துக் கோக்கிறவர். டிரெடில் மெஷின், ஈய எழுத்துக் காலம். மாதத்துக்கு இரண்டு தடவையாவது அந்த நோட்டீஸ் வேலை வரும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு கோயிலில் பாம்பு வந்தது. பூசாரி பயந்து ஓடினார். பாம்பு மனித உருவம் எடுத்து, "பயப்படாதே, என் பேரில் ஆயிரம் நோட்டீஸ் அடித்துக் கொடுப்பவன் நினைத்தது பதினைந்து நாளில் நடக்கும்" என்றது. அடித்தவருக்கு லாட்டரி விழுந்தது. கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார்.

நைனாவுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கிழித்தும் போட மாட்டார். மடித்து எழுத்து கேஸுக்கு அடியில் வைத்துவிடுவார்.

ஒருமுறை கொத்தவால் சாவடியில் காய் கூறு கட்டி விற்கிற அம்மா ஒருவர் வந்தார். மகளுக்கு உடம்பு சரியில்லை, ஆயிரம் அடிக்கக் காசும் இல்லை. நைனா 'ஆயிரம்' என்று கோத்திருந்ததை எடுத்துவிட்டு 'நூறு' போட்டார். பள்ளி விட்டு அங்கே போயிருந்த நான், "சாமிக்கு எண்ணத் தெரியாதா நைனா?" என்று கேட்டேன். "சாமிகிட்ட கடன் சொல்லலாம்டா, ஆண்டர்சன் தெரு பேப்பர்காரன்கிட்ட சொல்ல முடியாது" என்றார். அந்த அவசரத்தில் 'மனித உருவம்' என்பதில் ஓர் எழுத்து விழுந்து 'மனி உருவம்' என்று அச்சாகிப் போனது.

ஏழெட்டு மாதம் கழித்து எங்கள் தெரு முனையில் ஒருவர் நோட்டீஸ் கொடுத்தார். வேறு அச்சகம், வேறு பேப்பர். அதில் நூறுதான் இருந்தது. பாம்பு 'மணி உருவம்' எடுத்திருந்தது. 'மனி' தப்பு என்று நினைத்து எந்தக் கம்பாசிட்டரோ திருத்தியிருக்கிறார். அதற்கும் அடுத்த வருடம் கைக்கு வந்ததில் பாம்பு நாகமணியைக் கக்கிவிட்டு அதன் ஒளியிலிருந்து பேசியது. நைனா அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு அதையும் மடித்து கேஸுக்கு அடியில் வைத்தார்.

கதை வாயால் போனால்தான் மாறும், அச்சில் ஏறினால் நின்றுவிடும் என்கிறவர்களுக்கு இந்த நாகமணியைக் காட்ட வேண்டும்.

பிப்ரவரி 4

ஆயிரம் நோட்டீஸ் நூறானது. இப்போது 'பதினொரு பேருக்கு அனுப்பு' என்று வருகிறது. அச்சுக்கூலியே இல்லாத காலத்தில் எண்ணிக்கை கூடத்தானே வேண்டும்? ஏன் குறைந்தது என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். தெரு முனையில் நின்று முகம் தெரியாதவனுக்கு நோட்டீஸ் நீட்டலாம். போனில் எல்லோரும் தெரிந்தவர்கள். பதினொரு பேரைத் தாண்டினால் யாராவது ஒருவர் திட்டிவிடுவார்.

பிப்ரவரி 5

வேகம் மட்டும் இணையத்தால் வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1995 செப்டம்பர் 21 ஞாபகம் இருக்கிறதா? பிள்ளையார் பால் குடித்த நாள். டெல்லியில் விடியும் முன் ஆரம்பித்ததாம். அன்றே தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளையாருக்கு முன்னால் வரிசை. செல்போன் கிடையாது, தெருவுக்கே ஒரு வீட்டில்தான் போன். பாலின் மேற்பரப்பு இழுவிசை அதை ஸ்பூனிலிருந்து இழுக்கும், மெல்லிய படலமாகச் சிலையில் வழிந்துவிடும், ஈரக் கருங்கல்லில் கண்ணுக்குத் தெரியாது. கலர் கலந்த பாலை வைத்து அப்போதே காட்டினார்கள்.

எனக்குப் பதினொரு வயது. என் ஸ்பூனில் அவர் குடிக்கவில்லை. கை நடுங்கிப் பாதி என் சட்டையில் கொட்டியது. ஆனால் வெளியே வந்து "குடிச்சார்" என்றுதான் சொன்னேன். எனக்குப் பின்னால் நாற்பது பேர். குடிக்கவில்லை என்றால், இந்தப் பையன் அப்படி என்ன பாவம் செய்தான் என்று பார்ப்பார்களே.

பிப்ரவரி 5, கொஞ்சம் கழித்து

சொந்தக்காரர்கள் குழுவில் இப்போதுதான் வந்தது. திருநள்ளாறுக்கு மேலே போகிற சாட்டிலைட் மூன்று விநாடி நின்றுவிடுகிறதாம், நாசாவே திகைத்துப்போனதாம். சுற்றுப்பாதையில் ஓடுகிற ஒன்று அப்படி நடுவில் நிற்காது, நின்றால் விழ வேண்டியதுதான் என்று எழுதினேன். சித்தப்பா கைகூப்பும் பொம்மை போட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஆயா கதையில் அசரீரி ஒலிக்கும். இதில் நாசா சொல்கிறது. 'நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை' என்பது இப்போதைய 'ஒரு ஊர்ல ஒரு ராஜா'.

பிப்ரவரி 8

சாட்டிலைட்டைப் பற்றிக் கிண்டலடித்த பிறகுதான் ஆயாவின் காலடிப்பேட்டைக் கதை ஞாபகம் வந்தது. கும்பினி துரையிடம் வேலை பார்த்த ஒருவர் தினமும் காஞ்சிபுரம் வரதராஜரைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாராம். தினமும் லேட். கோபம் வந்த துரை, "இப்போ காஞ்சிபுரத்துல இன்னா நடக்குது, இங்கேந்தே சொல்லு" என்றாராம். அவர் கண்ணை மூடி, "தேர் நகராம முட்டிக்கினு நிக்குது தொரை" என்றாராம். ஆளை அனுப்பி விசாரித்தால், அதே நேரம், அதே தேர். துரை அசந்துபோய், நீ அவ்வளவு தூரம் போகாதே என்று இங்கேயே வரதராஜருக்குக் கோயில் கட்டிக் கொடுத்தாராம்.

ஆயா ரீசார்ஜ் செய்யாமலே லைவ் காட்டியிருக்கிறார்.

துரை நிஜம். ஜோசப் காலெட், 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னர். நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் காலெட்பேட்டை. கல்யாண வரதராஜர் கோயிலும் நிஜம், போய்ப் பார்க்கலாம். 2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகர் வரை மெட்ரோ திறந்ததிலிருந்து ரயிலிலும் 'காலடிப்பேட்டை' என்று குரல் கொடுக்கிறார்கள்.

பிப்ரவரி 9

காலடி என்றால் பெருமாளின் காலடிதான், வெள்ளைக்காரன் பெயர் இல்லை என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். காலெட் என்ற பெயரைத் தமிழ் வாய் மென்று காலடி ஆக்கியது, அதற்குப் பிறகு காலடிக்கு ஏற்ற கதை வந்து ஒட்டிக்கொண்டது. இதில் பெருமாளுக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் தண்டையார்பேட்டையும் அப்படித்தான். தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபுவை (1792–1838) தொண்டியார் என்றார்கள். தொண்டியார்பேட்டை தேய்ந்து தண்டையார்பேட்டை ஆனது. ஆனால் தண்டை செய்கிறவர்கள் இருந்த தெரு என்று என்னிடம் அடித்துச் சொன்ன ஆட்டோக்காரரும் உண்டு. மீட்டருக்கு மேல் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டுதான் சொன்னார்.

பிப்ரவரி 14

இத்தனையும் எழுதிய பிறகு ஒரு வித்தியாசத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆயா கதைக்கு ஆள் இருந்தது, இடம் இருந்தது.

கொருக்குப்பேட்டைப் பக்கம் கால்வாய் மேலே ஒரு பாலம். அது கட்டும்போது தூண் நிற்கவே இல்லையாம். ஏழு பிள்ளைகளின் தலை கேட்டதாம். கோணிப்பையோடு ஒருவன் வருவான், மிட்டாய் கொடுப்பான், வாங்கினால் பைக்குள் போட்டுக்கொள்வான். மூன்றாவது தூணில் கறுப்பாக ஒரு கறை இருக்கும், அங்கேதான். கறை நிஜமாகவே இருந்தது. நான் ஐந்தாவது முடிக்கும் வரை அந்தப் பாலத்தின் அடியில் போனதில்லை, சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன்.

பயமாக இருந்தால் ஆயாவிடமே போய், "உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்கலாம். ஃபார்வர்டில் யாரிடம் கேட்பது? 'பலமுறை பகிரப்பட்டது' என்று இரட்டை அம்புக்குறிதான் இருக்கும்.

இன்னொன்று. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்கள் எழும்பிய வருடங்களில் என் தம்பி மகன் சின்னப் பிள்ளை. வண்டியில் உட்கார்ந்து போகும்போது, "பெரியப்பா, இந்தத் தூணுக்குள்ள யாரு இருக்கா?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாருக்கும் தெரியுமே" என்கிறான். ஆயா செத்து அப்போது எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

பிப்ரவரி 15

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். ஆயா கதை நல்லது, ஃபார்வர்ட் கெட்டது என்பது போல இருக்கிறது. பாம்பு நோட்டீஸுக்கு மட்டும் ஆள் யார் இருந்தார்கள்? அனாமதேயம்தான்.

அதைவிட முக்கியமானது இது. 2018 மே. பிள்ளை கடத்துகிற கூட்டம் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருந்தது. கூடவே ஒரு வீடியோ, பைக்கில் வந்து தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப் போவார்கள். அது பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற கடைசிப் பகுதியை வெட்டிவிட்டிருந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிப் போன சென்னைக்கார வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. அதே வாரம் பழவேற்காட்டில் ஒருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

மிட்டாய். பாலம். இரண்டும் வாட்ஸ்அப் கண்டுபிடித்ததா? கராச்சி வீடியோ வந்து விழுந்தபோது நம் எல்லோர் மண்டையிலும் அதற்கு ஏற்கனவே ஓர் இடம் காலியாக இருந்தது. கோணிப்பைக்காரனை நாம்தான் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வைத்திருந்தோம். அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வைத்தார்கள். ஆயாக்களுக்கு அப்படி ஏதும் வைக்க முடியாது.

பிப்ரவரி 15, இரவு 2.10

தூக்கம் வரவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த மே மாதத்தில்தான் எங்கள் தெருவில் சைக்கிளில் கொசுவலை விற்க வந்த இந்திக்காரரை மடக்கினார்கள். பதினைந்து இருபது பேர். பைக்குள் என்ன, பேர் என்ன, ஆதார் எங்கே. ஒருவன் சைக்கிளைத் தள்ளிவிட்டான். நான் வாசலில் நின்றிருந்தேன். அது வதந்தி என்று எனக்குத் தெரியும். குழுவில் அன்று காலைதான் "பொய், பரப்பாதீர்கள்" என்று எழுதியிருந்தேன். வாசலில் நின்றபோது வாய் வரவில்லை. பிள்ளையார் வரிசையில் நின்ற அதே பையன்தான்.

எதிர் வீட்டில் இட்லிக் கடை போடும் அக்கா கரண்டியோடு வந்தார். "இன்னாங்கடா கூட்டம்? இவன் போன வருசமே என்கிட்ட வலை வித்தான். நூறு ரூபா பாக்கி, நான்தான் இன்னும் குடுக்கல." கூட்டம் அப்படியே இறங்கிப்போனது. கடன் கொடுத்தவன் பிள்ளை பிடிக்கிறவனாக இருக்க முடியாது என்பது எங்கள் தெருவின் சட்டம் போல. அவர் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு போனார். அக்கா அந்த நூறைக் கொடுத்தாரா என்று நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 19

வதந்தி வேறு, வழக்காறு வேறு, இதையெல்லாம் கலக்காதே, வதந்தியைப் பரப்புகிறவனை உள்ளே வைக்க வேண்டும் என்று ஒரு நீளமான பதில். உள்ளே வைப்பது சரி. ஆனால் வேறு வேறு என்று கோடு போட்டுத் தர உங்களால் முடிந்தால் நான் படிக்கத் தயார்.

2012 ஏப்ரல் 11 மத்தியானம். சுமத்ரா பக்கத்தில் 8.6 அளவில் நிலநடுக்கம், சென்னையிலும் ஆடியது, சுனாமி எச்சரிக்கை வந்தது. காசிமேட்டில் இருக்கும் பெரியம்மா, டிவியில் சொல்வதற்கு முன்பே ரேஷன் கார்டு, பீரோ சாவி, பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். யார் சொன்னது என்றால், "கடல் உள்ள போவுதாம்." கடல் போகவில்லை. அந்த நிலநடுக்கத்தில் கடலடித் தரை பெரும்பாலும் பக்கவாட்டில்தான் நகர்ந்தது, அதனால் பெரிய அலை எழவில்லை. எச்சரிக்கையையும் எடுத்துவிட்டார்கள். நாங்கள் கிண்டல் செய்தோம். பெரியம்மா சொன்னது: "2004ல எவனும் சொல்லல. இப்ப எவன் சொன்னாலும் ஓடுவேன்."

அதற்கு யாரும் பதில் பேசவில்லை. டீ போட்டுக் கொடுத்தோம். அந்த இரண்டு பிள்ளைகளின் அம்மா சாயங்காலம் பதறி அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அன்றைக்குப் பெரியம்மாதான் பிள்ளை பிடிக்கிறவர்.

பிப்ரவரி 22

கொஞ்சம் லேசாகப் போவோம். தம்பி புது பைக் எடுத்தான், உணவு டெலிவரி வேலைக்கு. நேரே பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயில். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியதை வீடியோ காலில் அம்மா பார்த்து, "இடது பக்கம் சரியா நசுங்கல, திரும்ப ஏத்து" என்றார். பேரிலேயே இங்கிலீஷ் வைத்திருக்கும் சாமி, சுருட்டு வாங்கிக்கொள்ளும் சாமி. வீடியோ காலுக்கு அவர் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 22, இரவு

நேசமணியை யாரும் சொல்லவில்லையே? 2019 மே கடைசியில், சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் கேட்டார்கள். ஒரு தமிழர் போய், இது பேர் சுத்தியல், இதனால்தான் ஜமீன் பங்களாவில் காண்ட்ராக்டர் நேசமணிக்குத் தலையில் அடிபட்டது என்று எழுதினார். வடிவேலு நடித்து 2001இல் வந்த காமெடி. விடிவதற்குள் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது. யார் இந்த நேசமணி என்று வெளியூர்க்காரர்கள் விசாரிக்க, நாம் ஒருவர்கூடச் சிரிக்காமல் உடல்நிலை அறிக்கை கொடுத்தோம். ஒரு கூட்டத்துக்குப் பொதுவாக ஏதாவது ஒன்று இருந்தால் போதும், அது ஒரு 'ஃபோக்' என்றார் ஆலன் டண்டிஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர். நமக்குச் சுத்தியல் இருந்தது.

மார்ச் 1

திருத்தம்.

இந்த இழையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாம்பு நோட்டீஸுக்குச் சிரித்தார், பெரியம்மாவைப் பற்றி எழுதியதற்குத் திட்டினார். கோணிப்பைக்காரன் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "உங்க ஆயா எப்போடா அந்தக் கதைய சொன்னாங்க? அவங்களுக்குப் பேய்க் கதை, பிள்ளை பிடிக்கிற கதைன்னாலே ஆவாது. துரை கதை, சாமி கதைதான். பாலத்துக் கதைய நீதான் சொல்லுவ. உன் தம்பி உன் பின்னாலயே கால்வாய்க்கு வரான்னு அவன நிறுத்தறதுக்கு சொன்ன. அவன் ஒரு மாசம் படுக்கைய நனைச்சான்."

எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. ஆயாவின் குரலில்தான் இன்றைக்கும் அது காதில் கேட்கிறது. நானும் எங்கிருந்தாவது கேட்டுத்தான் சொல்லியிருப்பேன், பள்ளிக்கூடத்தில் எவனாவது சொல்லியிருப்பான். ஆனால் 14ஆம் தேதி 'ஆள் இருந்தது' என்று நான் எழுதிய அந்த ஆள் ஆயா இல்லை.

தம்பிக்குப் போன் போட்டேன். டெலிவரியில் இருந்தான், சிக்னல் சத்தம். உன் பையனிடம் தூண் கதையைச் சொன்னது நீயா என்றேன்.

"ஆமாண்ணே. ரோட்ட தாண்டி ஓடிக்கினே இருந்தான், அதான் சொன்னேன்."

மூன்றாவது தூண் என்றா?

"இல்ல, அஞ்சாவது. மூணாவது தூண்கிட்டதான் ஐஸ்காரர் நிப்பாரு. அத சொன்னா அவன் அப்புறம் ஐஸ் வாங்கப் போவமாட்டானே."